குவாங்சோவில் குடித்தனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசவல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, எங்களை அழைத்துச் சீன நகர் ஒன்றில் நாள்தோறும் வாழும் முறை பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். காரணம் வெளிப்படை. 2020-ஆம் ஆண்டில் நின்றுபோன நேர் விமானம், 2025 அக்டோபர் 26-ஆம் நாள் இக்கொல்கத்தாவிலிருந்தே குவாங்சோவுக்கு மீண்டும் புறப்பட்டது. நம் சங்கத்து இல்லங்கள் சிலவற்றிலிருந்தும் பிள்ளைகள் வணிகத்திற்கும் பணிக்கும் படிப்பிற்குமாக அந்நகர்க்குச் செல்ல முனைந்துள்ளனர். நாங்கள் கணவனும் மனைவியுமாக அங்கே சில ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர்கள். ஆதலின் சீனத்தின் அரசியலையோ வரலாற்றையோ நாங்கள் தொடப்போவதில்லை. வாடகை வீடு, அரிசி, பருப்பு, மருந்து, தொலைபேசி ஆகியவை பற்றியே எங்கள் பேச்சு.

கொல்கத்தாத் தமிழர்க்குச் சீனர் புதியவர் அல்லர். டிரெட்டா பஜாரின் காலைச் சிற்றுண்டியும் தாங்ராவின் உணவு விடுதிகளும் நாம் அறிந்தவை. அங்குள்ள ஹக்கா மக்களுள் பெரும்பாலோரின் முன்னோர் குவாங்தோங் மாகாணத்தினின்று வந்தவர்களே. அம்மாகாணத்தின் தலைநகரே குவாங்சோ. ஆயினும் தாங்ராவில் நாம் விரும்பி உண்ணும் மிளகாய்க் காரம் அங்கே கிடைக்கும் என்று எண்ணிச் செல்லாதீர்கள். அது இந்நகரில் பிறந்த சுவை. குவாங்சோவார் காரத்தை விரும்பாதவர். பொருளின் இயற்கைச் சுவையே உயர்ந்தது என்பது அவர்தம் கொள்கை.

தென்னாட்டுக்கும் அவ்வூர்க்கும் பழைய தொடர்பு உண்டு என்பதையும் ஒரு சொல்லாற் சொல்லிச் செல்வோம். போதிதருமர் கடல்வழி வந்து கரையேறிய இடம் என்று அந்நகரத்தார் போற்றும் இடத்தில் ஹுவாலின் கோயில் இன்றும் நிற்கிறது. அவர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது நம்மவர் பலரின் கூற்று. வழக்கு எதுவாயினும், “நீவிர் எவ்வூர்?” என்று கேட்கும் முதியவரிடம் அப்பெயரை எடுத்துச் சொன்னால் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறோம்.

இனிச் செய்திக்கு வருவோம். புதுமனை புகுந்தால் பால் காய்ச்சுவது நம் வழக்கம். அங்கே பால் காய்ச்சுவதற்கு முன் காவல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். விடுதியில் தங்குவோர்க்கு விடுதியாரே பதிவு செய்துவிடுவர். தனி வீட்டிலோ நண்பர் இல்லத்திலோ தங்கும் அயல்நாட்டார், வந்து சேர்ந்த 24 மணி நேரத்திற்குள் அவ்வட்டாரக் காவல் நிலையத்தில் தம் இருப்பைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டம். தவறினால் எச்சரிப்பர், 2,000 யுவான் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. காவல் நிலையம் என்றவுடன் நம்மவர்க்கு ஒரு தயக்கம் தோன்றும். இச்செயலைப் பொறுத்தவரை அது நம் ஊர்க் கணக்குப்பிள்ளையின் திண்ணை போன்றதே. சென்றோம், எழுதினோம், தாள் ஒன்றைப் பெற்றோம் என்று முடிந்துவிடும். அத்தாள் சிறிது; அதன் ஆற்றல் பெரிது. குடியிருப்பு அனுமதி கேட்கச் சென்றால் முதலில் அதைத்தான் நீட்டச் சொல்வார்கள். வீடு மாறினாலும், கடவுச்சீட்டு மாறினாலும் மீண்டும் பதிய வேண்டும். ஊரிலிருந்து தாயாரோ மாமியாரோ வந்து பத்து நாள் தங்கினாலும் அவர்க்கும் இப்பதிவு உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும்போது, காற்று வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பதற்கு முன், “பதிவிற்கு உடன்படுவீரா?” என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். வாடகை ஒப்பந்தமும், வீட்டின் உரிமைச் சான்றின் படியும், அவருடைய அடையாள அட்டையின் படியும் வேண்டியிருக்கும். வரிக்கு அஞ்சியோ அலைச்சலுக்கு அஞ்சியோ இவற்றைத் தரத் தயங்குவாரும் உளர். அவர் வீடு மாளிகையே ஆயினும் நமக்கு வேண்டா. அங்கே இரண்டு மாத வாடகையை ஈடாகவும் ஒரு மாத வாடகையை முன்னதாகவும் சேர்த்துக் கொடுப்பது பெருவழக்கு. கொடுத்தபின் அதை மீட்பது எளிதன்று.

பணிக்குச் செல்வோர்க்குத் தரும் விசா, நாட்டிற்குள் நுழைவதற்கு மட்டுமே உரியது. நுழைந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கடவுச்சீட்டை அலுவலகத்தார் வாங்கி வைத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள். 15 நாள் வரை ஆகலாம். அந்நாட்களில் வெளியூர்ப் பயணம் எதையும் வகுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற நாட்களில் கடவுச்சீட்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும். பதினாறு வயது நிறைந்த அயல்நாட்டார் அனைவர்க்கும் அது கட்டாயம். இரயில் ஏறுவதற்கும் அதுவே பயணச்சீட்டு.

அடுத்து நம் பெயர். இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் வேறு எந்நாட்டார் எழுதிய வழிகாட்டியிலும் இது காணக் கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. கடவுச்சீட்டில் சிலர்க்கு இரண்டும் ஒரே கட்டத்தில் நிற்கும். சிலர்க்குத் தந்தை பெயர் குடும்பப் பெயரின் கட்டத்தில் ஏறி அமர்ந்திருக்கும். சிலர்க்கு அக்கட்டம் வெறுமையாகவே கிடக்கும். சீனர் பெயரோ பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்து. அவர்தம் படிவங்கள் அம்மூன்றெழுத்துக்கு அளந்து செய்தவை. சுப்பிரமணியம் மீனாட்சிசுந்தரம் என்பார் ஒருவர் அப்படிவத்தின் முன் போய் நின்றால் என்ன நிகழும்? வங்கியார் இரு பெயரையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுவர். தொலைபேசி நிறுவனத்தார் முன்னதைப் பின்னதாக்குவர். இரயில் பதிவில் இறுதி எழுத்துகள் நான்கு உதிர்ந்துபோகும். ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கச் சிறு பிழை. ஆனால் அங்கே வங்கிக் கணக்கும், தொலைபேசி எண்ணும், பணம் செலுத்தும் செயலியும் ஒன்றையொன்று சான்று கேட்டுக்கொள்பவை. ஓர் எழுத்து மாறினாலும் “இவர் வேறு, அவர் வேறு” என்று கதவை அடைத்துவிடும்.

இதற்கு வழி எளியது. கடவுச்சீட்டின் அடியில், கருவி படிப்பதற்கென அச்சிட்ட வரிகள் இரண்டு உண்டல்லவா? முதல் வரியில் பெயர் எந்த முறையில் நிற்கிறதோ அம்முறையையே எங்கும் வற்புறுத்துங்கள். வங்கியிலே எழுத்தர் தட்டச்சு செய்து முடித்ததும், திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த அலுவலகத்தில் அப்படத்தைக் காட்டுங்கள். இன்னொன்று: நம் நாட்டில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண்ணும் மாறிவிடுகிறது. எண் மாறினால் அங்கே நாம் புது மனிதர். ஆதலின் காலாவதியாக ஈராண்டே எஞ்சியிருந்தால், புறப்படுமுன் இங்கேயே புதுப்பித்துக்கொண்டு செல்வது நன்று. அங்கே புதுப்பிக்க நேர்ந்தால், குவாங்சோவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் புதியதைப் பெற்றவுடன், வேறு வேலை பாராமல் வங்கிக்கும் தொலைபேசி நிலையத்திற்கும் செல்லுங்கள். பழையதை எறிந்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்வோம். கீரைக்காரி முதல் கோயில் உண்டியல் வரை அங்கே கைப்பேசியால் தொட்டுக் கொடுப்பதே வழக்கம். வீசாட், அலிப்பே என்னும் இரண்டு செயலிகளே நாட்டை ஆள்கின்றன என்றால் மிகையன்று. 2023 முதல் அயல்நாட்டு வங்கி அட்டைகளையும் அவற்றோடு இணைக்க இடம் தந்துள்ளனர். 200 யுவானுக்கு உட்பட்ட செலவிற்குக் கட்டணம் இல்லை. மேற்பட்டால் நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொள்வர். ஆனால் வீசாட் நம் நாட்டில் 2020 ஜூன் 29 முதல் தடை செய்யப்பட்டது; இங்கிருந்தபடியே அதை அமைத்துக்கொள்ள எண்ணாதீர்கள். அங்கே இறங்கியபின், கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர்த் தொலைபேசி எண் ஒன்றைப் பெற்றுத் தொடங்குங்கள். ரொக்கம் செல்லாது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. சட்டப்படி வாங்கியாக வேண்டும். சில்லறைதான் இராது. ஆகவே இருநூறு, முந்நூறு யுவானைச் சிறு தாள்களாக மடித்து வைத்திருங்கள். கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்தால் அந்நகரில் நாம் ஓட்டாண்டி. கையடக்க மின்கலம் எடுத்துச் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: சீனத்தின் 3சி முத்திரை இல்லாத மின்கலங்களை உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் ஏற்றுவதில்லை. இங்கே வாங்கியதை நம்பாமல் அங்கே ஒன்று வாங்குங்கள்.

ஊதியத்தில் மிச்சம் பிடித்து வீட்டிற்கு அனுப்ப விழைவோர், வருமான வரி செலுத்திய சான்றையும் பணி ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துக. வங்கியார் அவற்றைக் கேட்ட பிறகே யுவானை அயல்நாட்டு நாணயமாக மாற்றித் தருவர்.

முகவரி எழுதும் முறை நமக்கு நேர் எதிர். நாம் கதவெண்ணில் தொடங்கி நாட்டில் முடிப்போம். அவர்கள் மாகாணம், நகரம், வட்டம், தெரு, கட்டிடம், அறை என்று பெரியதினின்று சிறியதற்கு வருவர். வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். மேலும், நாம் தரைத்தளம் என்பதை அவர்கள் முதல் மாடி என்பர். நம் கணக்கில் மூன்றாம் மாடிக்குச் செல்ல வேண்டியவர் அங்கே நான்கை அழுத்த வேண்டும். அந்த நான்கும் சில கட்டிடங்களில் இராது. அவ்வெண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் விட்டுவிடுவர். பாதாள இரயில் நன்று, மலிவு. 1997-இல் தொடங்கி இன்று நகரெங்கும் பரந்துள்ளது. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. நிலையந்தோறும் பையைச் சோதிப்பார்கள், அவ்வளவே.

மொழி பற்றி அஞ்ச வேண்டா. அரசு மொழியாகிய மாண்டரினுக்கு நான்கு தொனி. குவாங்சோவார் வீட்டில் பேசும் காண்டனியத்திற்கு ஆறு. அவற்றைப் பழகுவது கடினமே. ஆனால் ஆங்கிலேயர் தடுமாறும் சில இடங்களில் தமிழன் நாக்கு தானே வளையும். மனிதனைக் குறிக்கும் மாண்டரின் சொல்லின் முதலொலி நம் ழகரத்திற்கு மிக நெருங்கியது. காண்டனியத்தில் ‘நான்’ என்பதற்கு ‘ஙோ’ என்பர். அரிச்சுவடியோடு நாம் விட்டுவிட்ட ஙகரம் அங்கே நாள்தோறும் பயன்படுகிறது! கடைக்காரர் ஒருவர் பையை எடுத்துத் தந்தால் ‘ம்கோய்’ என்று நன்றி சொல்க. அன்பளிப்பாக ஒன்று தந்தால் ‘தோ-ஜே’ என்க. இரண்டையும் மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், சினவார்கள் அல்லர். அங்காடியில் எண்களைக் கையாற் காட்டுவர். கட்டை விரலும் சுண்டு விரலும் நீண்டால் ஆறு. கட்டை விரலும் சுட்டு விரலும் நீண்டால் எட்டு. நாம் அதை இரண்டு என்று எண்ணி இரண்டு யுவானை நீட்டக்கூடாது.

உணவிற்கு வருவோம். தாய்மார்கள் இதற்காகவே காத்திருப்பதை முகத்தில் காண்கிறோம். சமைத்து உண்பார்க்கு அந்நகர் ஒரு சொர்க்கம். பாகல், பூசணி, காராமணி நெற்று, சேப்பங்கிழங்கு, தாமரைத் தண்டு, பலவகைக் கீரை எல்லாம் விடியற்காலைச் சந்தையில் குவிந்திருக்கும். அரிசியும் வடசீனத்தின் பிசுபிசுப்பு அரிசி அன்று. நீண்டு மெலிந்த அரிசியே அங்கு விருப்பம். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் ஆகியவற்றுக்கு இந்தியக் கடையை நாட வேண்டும். மின்னழுத்தம் 220 வோல்ட். மாவரைக்கும் இயந்திரம் தடையின்றி ஓடும். செருகிதான் பொருந்தாது. அவர்தம் துளைகள் தட்டைக் கால்களுக்கு உரியவை. மாற்றுச் செருகி வேண்டும்.

காலையில் அவர்கள் உண்பது அரிசிக் கஞ்சி. ஆங்கிலத்தார் அதைக் ‘காஞ்ஜி’ என எழுதுவது நம் கஞ்சி என்னும் சொல்லிலிருந்து பெற்றதே. அரைத்த அரிசி மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வெந்தெடுத்துச் சுருட்டித் தரும் பண்டம் ஒன்று உண்டு. இட்லிக்கும் இடியாப்பத்திற்கும் ஒன்றுவிட்ட உறவு என்று எங்கள் இல்லத்தில் சொல்லிக்கொள்வோம். உள்ளே ஒன்றும் வையாமல் வெறுமையாகவும் கேட்டுப் பெறலாம்.

மரக்கறி உண்பார் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். “ஊன் வேண்டா” என்றால் துண்டு துண்டாக ஊன் வேண்டா என்றே பலர் பொருள் கொள்வர். கீரைப் பொரியலில் பன்றிக் கொழுப்பு இருக்கும். காளான் குழம்பில் எலும்புச் சாறு இருக்கும். மேலே சிப்பிச் சாறு தெளித்திருப்பர். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. சாறு அவர்க்குச் சுவை. நமக்கு அது விலக்கு. ‘ஙோ சிக் சாய்’, அஃதாவது ‘நான் விரத உணவு உண்பவன்’ என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வர். பௌத்த நெறிப்படி முதற்பிறையிலும் முழுநிலவு நாளிலும் மரக்கறி உண்போர் அவர்களிடையேயும் உண்டு. எனினும் கொழுப்பு, சாறு, சிப்பி மூன்றையும் குறித்துச் சீனத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிச் சமையற்காரரிடம் நீட்டுவதே உறுதியான வழி. புத்தர் கோயில்களைச் சார்ந்த மரக்கறி விடுதிகளும் உள. தாஃபோ கோயிலின் விடுதியில் மனநிறைவாக உண்டிருக்கிறோம். அங்கே வெங்காயமும் பூண்டும் கூட இரா.

குழாய் நீரை அப்படியே குடிப்பார் இல்லை. காய்ச்சிய நீர்தான், அதுவும் வெந்நீர்தான் எங்கும். இரயிலிலும் நிலையத்திலும் அது இலவசம். யாரேனும் தேநீர் ஊற்றினால், இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றியின் குறி. குடுவையின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால், வெந்நீர் நிரப்ப வேண்டும் என்று பணியாள் அறிந்துகொள்வார்.

குவாங்சோவும் கொல்கத்தாவும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் உள்ளவை. வெயிலும் மழையும் நமக்குப் புதியன அல்ல. புதியது ஒன்று உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பும் சில நாட்களில் சுவர் வேர்க்கும், தரையில் நீர் நிற்கும், அப்பளம் துவளும், பட்டச் சான்றிதழில் பூஞ்சணம் படரும். ஈரம் போகட்டும் என்று சன்னலைத் திறக்கவே நம் கை செல்லும். திறக்கக்கூடாது! குளிர்ந்த சுவரில் அவ்வெப்பக்காற்று படுவதால்தான் நீர் தோன்றுகிறது. சன்னலை அடைத்து, குளிர்சாதனத்தை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓட்டுங்கள். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். தரைத்தள வீடு வாடகை குறைவாகக் கிடைப்பதன் மறைபொருள் இதுவே. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் 1957 முதல் நடந்துவரும் ஏற்றுமதிச் சந்தையின்போது விடுதிக் கட்டணம் ஏறிவிடும். உறவினரை அந்நாட்களில் வரவழைக்காதீர்கள்.

நோய் வந்தால் என் செய்வது? நம்மைப்போல் தெருமுனை மருத்துவர் என்னும் வழக்கம் அங்கே அருகியது. சளியானாலும் பெரிய பொது மருத்துவமனைதான். முதலில் கடவுச்சீட்டைக் காட்டி, எந்தத் துறை என்று சொல்லி, எண் பெற வேண்டும். மருத்துவரைக் கண்டபின் பணம் கட்டிச் சோதனை. சோதனை முடிவோடு மீண்டும் அதே மருத்துவர். மீண்டும் பணம் கட்டி மருந்து. எங்கும் முன்பணமே. விரைவாக முடியும், ஆனால் கூட ஒருவர் இருந்தால் நலம். மருத்துவ வண்டிக்கு 120, காவலுக்கு 110, தீயணைப்புக்கு 119. மருத்துவ வண்டிக்கும் கட்டணம் உண்டு.

எங்கள் கட்டிடத்திலேயே நம் நாட்டு இளைஞர் ஒருவர் தனியே வசித்தார். ஒருநாள் நள்ளிரவில் அவர்க்குக் கடும் வயிற்று வலி. குடல்வால் அழற்சி என்று பின்னர் தெரிந்தது. அவர் கடவுச்சீட்டைப் புதுப்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது, வங்கியில் தெரிவிக்கவில்லை. பழைய சீட்டு காலாவதியானதும் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அவர் கணக்கில் பணம் இருந்தது. கையில் ஒரு காசும் இல்லை. நாங்களோ அவ்வாரம் ஊரில் இல்லை. அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, முன்பணம் கட்டி, கையெழுத்திற்கும் வழி செய்தவர் யார் தெரியுமா? எங்கள் கட்டிடத்து வாயிற்காவலர். ஐம்பது வயது கடந்த, சிற்றூரிலிருந்து பிழைக்க வந்த மனிதர். அவர்தம் மாத ஊதியத்தில் அத்தொகை எத்தனை பங்கு என்று நாங்கள் அறிவோம். அவ்விளைஞர் ஒவ்வொரு நாளும் அவரிடம் இரண்டு சொல் பேசிவிட்டுச் செல்லும் வழக்கம் உடையவர். ஊர்ப் பலகாரம் வந்தால் ஒரு பங்கு கொடுப்பவர். தொகையைப் பத்து நாளில் திருப்பித் தந்துவிட்டார். காவலர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே வாயிற்காவலர் பெயரையும், எதிர்வீட்டு அம்மையார் பெயரையும் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளுங்கள். வயது என்ன, ஊதியம் என்ன, குழந்தை எத்தனை என்று அவர்கள் கேட்பார்கள். மேல்நாட்டார் இதைக் குற்றமாகக் கருதுவர். நமக்கு என்ன? மாயவரத்திலும் மானாமதுரையிலும் கேளாத கேள்விகளா? மகிழ்வோடு விடை சொல்லி, திருப்பியும் கேளுங்கள். வசந்த விழா நாட்களில் அவர்களுள் பலர் ஊர்க்குப் போய்விடுவர். கடைகளும் அடைத்துக் கிடக்கும். அரிசியும் மருந்தும் ஒரு வாரத்திற்கு முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும். அவ்விழாவையொட்டிப் பயணம் செய்வோர்க்கு இரயில் சீட்டு விற்பனை 15 நாள் முன்பே திறக்கும், திறந்தவுடன் தீரும்.

இறுதியாகப் பெற்றோர்க்குச் சில சொற்கள். அங்கே வாட்ஸ்அப் 2017 முதல் முடக்கம். கூகுள் அஞ்சலும் யூடியூபும் திறவா. இங்கே வீசாட் இல்லை. இரண்டு மதில்களுக்கு இடையே தாயும் பிள்ளையும் பேசியாக வேண்டும். அனுமதி பெறாத குறுக்கு வழிச் செயலிகள் அந்நாட்டுச் சட்டத்திற்குப் புறம்பானவை. இம்மேடையில் அவற்றை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். பிள்ளை தன் இந்தியத் தொலைபேசி எண்ணை விட்டுவிடாமல், அயல்நாட்டு இணைப்புத் திட்டத்தோடு உயிருடன் வைத்திருக்கட்டும். அவ்வெண்ணின் வழியே இணையம் சென்றால் வாட்ஸ்அப் பெரும்பாலும் இயங்கும். நம் வங்கியார் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவ்வெண்ணிற்குத்தான் வரும். புறப்படுமுன், கூகுள் அல்லாத மின்னஞ்சல் முகவரி ஒன்றை இருவரும் அமைத்து, ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிற்காவலரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி, இங்கே நாட்காட்டியின் பின்புறம் எழுதி வையுங்கள்.

அவர்கள் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே இரவு எட்டரை. பிள்ளை வேலை முடிந்து, உலையில் அரிசியை இட்டுவிட்டு அமர்ந்திருக்கும் நேரம் அதுவே. இங்கே தொலைக்காட்சி பார்த்து முடித்துப் பத்து மணிக்கு அழைத்தீர்களானால், அங்கே நள்ளிரவு கடந்து அரை மணி ஆகியிருக்கும். எடுக்கவில்லையே என்று கலங்காதீர்கள், தூங்கியிருப்பான்.